கரடிக்கு எந்தத் துவக்கு

றுக்கியா தோப்பூரிலிருந்து மூதூருக்குத் தயிர் கொண்டுவருபவள். ஸ்கூட்டியின் பின்னால் ஒரு மரப்பெட்டியைக் கட்டி, உள்ளே வைக்கோல் அடைத்து, சட்டிகளை அடுக்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிடுவாள். கடைகளுக்குக் கொடுத்து முடிந்ததும் பஸாரில் ஷாமிலாவின் கைத்தொலைபேசிக் கடையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாள். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

அன்றைக்கு ஷாமிலா தேத்தண்ணீருக்குச் சொல்லவில்லை. கடையில் நின்ற ஆட்கள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"ஜவ்பர் நானா ஒரு வீடியோ போட்டிருக்கார். பாத்தியா?"

"அவர் பனியைப் போடுவார், காரைப் போடுவார். நான் ஒண்டும் பாக்கிறல்ல."

"இதைப் பார். வேற ஆரும் உனக்குக் காட்ட முதல் நானே காட்டுறன்."

ஜவ்பர் றுக்கியாவின் மூத்த சகோதரன். கனடாவில் மாட்டிறைச்சி பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. கடைசியாக ஊருக்கு வந்தபோதே வேட்டைக்குப் போகப்போவதாகவும், அதற்கு வகுப்பில் இருந்து சோதனை எழுதித் துவக்கு அனுமதி எடுத்துவிட்டதாகவும் சொல்லியிருந்தான். வீடியோவில் அவன் ஒரு துவக்குக் கடைக்குள் நின்றான். தலையில் செம்மஞ்சள் நிறத் தொப்பி. முன்னால் கண்ணாடி மேசையில் இரண்டு துவக்குகள் கிடந்தன.

"அஸ்ஸலாமு அலைக்கும். இண்டைக்கு உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கப்போறன். மானுக்கும் கரடிக்கும் சேத்து எனக்கு ஒரு துவக்குத்தான் வேணும். ரெண்டுமே கைப்பிடியை இழுத்து அடிக்கிற துவக்கு. இந்தா, இப்பிடிக் கீழ இழுத்து மேல தள்ளினாச் சுட்ட தோட்டாட வெறுங்கோது வெளிய பாயும், அடுத்த தோட்டா உள்ளுக்குப் போகும். கண்ணை எடுக்காம ரெண்டாம் வெடி வைக்கலாம். இது சின்ன வாய். பாரமில்ல, மானுக்கு இது போதும், காணும். இது பெரிய வாய். தோட்டாவைப் பாருங்க, என்ட கட்டைவிரல் பருமன். கரடி பத்தடியில வந்து நிண்டா இதுதான் நிப்பாட்டும். ஆனா தோளில ஒரு குத்துக் குத்தும், ரெண்டு நாளைக்குக் கை தூக்கேலா. எதை எடுக்கிற?"

அதற்குப் பிறகு அவன் குரல் மாறியது.

"ஏன் பெரிய வாயில ஆசைப்படுறன் எண்டு கேப்பீங்க. இது என்ட தங்கச்சி."

திரை முழுக்க றுக்கியாவின் முகம் வந்தது. ஆசுபத்திரிக் கட்டிலில் எடுத்த படம். தலையை மழித்திருந்தார்கள். இடது கண் இருந்த இடத்தில் பஞ்சு. கன்னத்திலிருந்து தாடை வரைக்கும் தையல்கள் கறுப்பாக ஓடின. வாய் ஒரு பக்கம் இழுபட்டு, வீங்கி, பல் தெரிந்தது. அவள் அப்போது மயக்கத்தில் இருந்தாள். யார் படம் எடுத்தது, எப்போது எடுத்தது என்று அவளுக்குத் தெரியாது.

"அண்டைக்கு என்ட கையில ஒரு மரக்கொம்பு மட்டும்தான்" என்றான் ஜவ்பர். "அந்தக் கொம்பால அடிச்சு அடிச்சுத்தான் இவளை அதுட வாயில இருந்து பறிச்செடுத்தநான். இந்தத் துவக்கு அண்டைக்கு இருந்திருந்தா…" அவன் கண்ணைத் துடைத்தான்.

கீழே சனங்கள் எழுதியிருந்தார்கள். பெரிய வாயையே எடுங்க நானா. சின்னதே காணும், பெரியது தோளைக் கழற்றும். உங்களைப் போல ஒரு நானா எல்லாருக்கும் கிடைக்க வேணும். ஒருவன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாடே இறங்கவில்லை என்று எழுதி, அழுகிற பொம்மை மூன்று வைத்திருந்தான்.

"இன்னொருக்காப் போடு" என்றாள் றுக்கியா.

"வேணாம்டி."

"போடு."

இரண்டாம் முறையும் முழுவதையும் பார்த்தாள். எழும்பினாள். வெளியே வந்து ஸ்கூட்டியில் இருந்த வெறும் சட்டி ஒன்றைத் தூக்கி வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் அடித்தாள். பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். அவனையும் முறைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த நாளில் உண்மையில் நடந்தது வேறு.

சண்டை ஓய்ந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்தது. சனங்கள் பயமில்லாமல் காட்டுக்குள் போய்வரத் தொடங்கியிருந்த காலம். ஆடி மாதம், பாலைப்பழம் விழும் பருவம். றுக்கியாவுக்குக் கல்யாணம் பேசி, மோதிரமும் போட்டிருந்தார்கள். ஜவ்பர் பழம் பொறுக்கி விற்கலாம் என்று சாக்கு எடுத்துக்கொண்டு புறப்பட, தானும் வருகிறேன் என்று அவளும் போனாள். தோப்பூருக்குத் தெற்கே வயல்கள் முடிகிற இடத்திலிருந்து உள்ளே நடந்தார்கள். ஜவ்பர் ஒரு நல்ல வைரமான கொம்பு வெட்டிக் கையில் வைத்திருந்தான்.

பெரிய பாலை மரமொன்றின் கீழே பழம் மஞ்சளாய்க் கொட்டிக் கிடந்தது. அவள் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். மரத்தின் மறுபக்கத்தில் ஒரு கரடியும் குனிந்து தின்றுகொண்டிருந்தது. அதுவும் இவர்களைக் காணவில்லை, இவர்களும் அதைக் காணவில்லை. ஜவ்பர் எதற்கோ சிரித்தான். அந்தச் சத்தத்துக்கு அது எழும்பி நின்றது.

றுக்கியா தலையை நிமிர்த்தி முதலில் பார்த்தது நானாவின் முகத்தைத்தான். அவனும் அவளைப் பார்த்தான். பிறகு கொம்பை எறிந்துவிட்டு ஓடினான். கரடி அவளைத் தொடுவதற்கு முன்பே அவன் ஓடிவிட்டான். அவனுடைய செருப்புகள் அடித்து அடித்துத் தூரமாகிப் போன சத்தத்தை அவள் கேட்டாள். அதன் பிறகுதான் மற்றதெல்லாம் நடந்தது.

ஈச்சிலம்பற்றுப் பக்கத்து எருமைக்காரன் ஜெயகாந்தன் அந்த நேரம் தன் மாடுகளைக் குளத்துப் பக்கம் சாய்த்துக்கொண்டு போனான். அவளுக்கு அவனை முன்பின் தெரியாது. அலறல் கேட்டு ஓடிவந்தவன், நிலத்தில் கிடந்த கொம்பைக் கண்டு எடுத்தான். ஜவ்பர் எறிந்துவிட்டுப் போன அதே கொம்பு. கத்திக் கத்திக் கரடியின் முதுகில் அடித்தான். அது திரும்பி அவன் தொடையைக் கிழித்தது. அவன் விடாமல் மூக்கைப் பார்த்து அடித்தான். கடைசியில் அது அவளை விட்டுவிட்டுப் பற்றைக்குள் போனது.

தன் சால்வையால் அவள் முகத்தைச் சுற்றிக் கட்டி, இரத்தம் ஓடுகிற காலோடு அவளைத் தோளில் போட்டு, வாய்க்கால் வீதி வரைக்கும் சுமந்தவன் ஜெயகாந்தன். ஒரு உழவு இயந்திரம் வந்தது. அதில் ஏற்றும்போதுதான் ஜவ்பர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். "என்ன நடந்த?" என்று வந்தவர்கள் கேட்டார்கள். ஜவ்பரின் சட்டையில் இரத்தமும் இல்லை, மண்ணும் இல்லை. தங்கையைத் தூக்கிய பிறகு இரத்தம் பட்டது. ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள், கரடியை அடித்து விரட்டியது ஜவ்பர்தான் என்று கதை உருவாகிவிட்டது. ஜெயகாந்தன் காலுக்கு மருந்து கட்டிக்கொண்டு, தவறிப்போன தன் எருமைகளைத் தேடிப் போய்விட்டான். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டித் திருகோணமலை, அங்கிருந்து கண்டி. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தபடியால் அவளால் வாய் திறக்க முடியவில்லை. கம்பியைக் கழற்றிய அன்றைக்கே, வராத வாயால், உம்மா ஸல்ஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உம்மா பக்கத்தில் நெருங்கி வந்து இருந்தார்.

"மகள், நீ சொல்றது உண்மையாத்தான் இருக்கும். ஆனா இப்ப வாயைத் திறக்காத. கிண்ணியாவால உன்ட நானாவை மாப்பிள்ளை கேட்டு வந்திருக்காங்க. பொம்புளை கனடாவில இருக்கிற பிள்ளை. தங்கச்சிக்காகக் கரடியோட சண்டை பிடிச்ச மாப்பிள்ளை எண்டு அவங்களுக்குப் பெரிய விருப்பம். அவன் போனாத்தான் உன்னையும் பாப்பான்."

அவள் வாயைத் திறக்கவில்லை. ஜவ்பரின் கல்யாணம் முடிந்தது, விசா வந்தது, போய்விட்டான். அவளுக்குப் பேசியிருந்த வீட்டார் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அதைக் கொடுக்க அவர்களில் ஒருவரும் நேரில் வரவில்லை. மூன்றாம் ஆளின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் கோவக்காரி ஆனாள் என்று தோப்பூரில் சொல்வார்கள். பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்தால், "வடிவாப் பாருங்க, இதுக்கு டிக்கட் இல்ல" என்பாள். பாவம் என்று யாராவது உச்சுக்கொட்டினால் பதிலே சொல்லாமல் எழும்பிப் போவாள். ஆசுபத்திரியிலிருந்து வந்து கொஞ்சம் தேறியதும் ஜெயகாந்தனின் எருமைப் பட்டியைத் தேடிப் போனாள். நன்றி சொல்லத்தான் போனாள். அவனுடைய மனைவி தயிர் உறைய வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முழுவதும் அங்கேயே இருந்து பார்த்தாள். அடுத்த வாரம் பால் வாங்கப் போனாள். இன்றைக்கும் அவளுடைய பால் அந்தப் பட்டியிலிருந்துதான் வருகிறது. ஸ்கூட்டி அவள் உழைப்பில் வாங்கியது. வீட்டுக் கூரையும் அவள் உழைப்பில் போட்டதுதான். ஜவ்பர் உம்மாவுக்கு எப்போதாவது அனுப்புவான். தங்கச்சியைப் பார்ப்பான் என்று உம்மா சொன்னது அப்படியே நின்றுவிட்டது.

வீடியோவைப் பார்த்த அன்றைக்கே அவனுக்கு அழைப்பு எடுத்தாள்.

"வீடியோவில இருந்து அந்தப் படத்தை எடுங்க."

"ஏன்டா தங்கச்சி, எல்லாரும் உனக்காக துஆச் செய்றாங்க. வாசிச்சுப் பார்."

"என்ட தலை மழிச்ச படம் அது. முக்காடு இல்லாத படம். என்னைக் கேட்டா போட்டநீங்க?"

"அது அப்ப எடுத்ததுதானே. ஆயிரக்கணக்கான ஆக்கள் பாத்திட்டாங்க. இப்ப அதை எடுத்தா வீடியோ செத்துப்போயிடும். நீ விளங்காம கதைக்கிறாய்."

"அப்ப கதையையாவது மாத்துங்க. நடந்ததைச் சொல்லுங்க."



"நடந்ததைத்தான் சொல்லியிருக்கன்" என்றான் ஜவ்பர். "உனக்கு அப்ப மயக்கம். உனக்கு என்ன தெரியும்?"

இந்த ஒரு வார்த்தைதான் அவளை நித்திரை கொள்ள விடவில்லை என்று பிற்பாடு ஷாமிலாவிடம் சொன்னாள். படம் போனால் போகட்டும். ஓடினால் ஓடட்டும். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டானே.

இரண்டு மாதம் கழித்து, மாமா ஜமால்தீனுடைய மகளின் நிக்காஹுக்காக ஜவ்பர் மனைவியோடு ஊருக்கு வந்தான். நிக்காஹ் முடிந்த மறுநாள் பகல், சாப்பாட்டுக்குப் பிறகு ஜமால்தீனின் விறாந்தையில் ஆண்கள் கூடியிருந்தார்கள். ஜவ்பர் நடுவில் இருந்தான். கைத்தொலைபேசி கை மாறிக்கொண்டிருந்தது. இன்னும் அவன் துவக்கை வாங்கவில்லை. மான் காலம் தொடங்குவதற்குள் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பன்றிக்காக அனுமதித் துவக்கு வைத்திருக்கும் லாபிர் துவக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வயல்காரன். துவக்கைப் பற்றி அங்கே கொஞ்சமாவது தெரிந்த ஆள் அவன்தான்.

"என்டது ஒரு வெடிதான். வைச்சிட்டு மடிச்சுத் திருப்பித் தோட்டா போட முதல் பண்டி வீட்ட போய்ச் சேந்திடும். இது எத்தனை வெடி?"

"குழலுக்குக் கீழ இன்னொரு குழல் இருக்கு, அதுக்குள்ள வரிசையாக் கிடக்கும். பெரிய வாய்க்கு நாலு தோட்டா, சின்னதுக்கு ஆறு. பத்தையில கொண்டு திரியவும் லேசு, கட்டைத் துவக்கு."

"நீங்க குடுத்துவைச்ச ஆள். எங்களுக்கு ஆனை வந்தாலும் கையில பட்டாசு வெடி கொளுத்தத்தான் குடுப்பாங்க" என்றான் லாபிர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜமால்தீன் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார். "மான் சரி மகன். கரடியை என்னத்துக்குச் சுடுற? தின்னவும் ஏலாதே."

"அது எனக்கும் கரடிக்கும் உள்ள விசயம் மாமா" என்றான் ஜவ்பர். குரலைத் தாழ்த்தினான். "அண்டைக்கு அந்தக் கொம்பு முறிஞ்சிருந்தா நானும் மௌத்து. கையில பிடிச்ச பிடி இப்பவும் மறக்கல்ல. பெரிய வாயை எடுக்கச் சொல்லி மனசு சொல்லுது. ஆனா பாரம் கூட. நாள் முழுக்கக் காட்டில கொண்டு நடக்கிற கஷ்டம். அதுதான் யோசிக்கிறன்."

குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த றுக்கியா கையைத் துடைக்காமலே வெளியே வந்தாள். ஆண்கள் இருக்கிற விறாந்தைக்கு அப்படி அவள் வருவதில்லை. வெறுமையாகக் கிடந்த கதிரை ஒன்றில் இருந்தாள்.

"நானா, எதை எடுக்கிற எண்டு நான் சொல்லவா?"

ஜவ்பர் சிரிக்கப் பார்த்தான். "சொல்லன்."

"சின்னதை எடுங்க. ஓடுற நேரம் பாரமா இருக்காது."

லாபிர் கைத்தொலைபேசியை மெதுவாக ஸ்டூலில் வைத்தான்.

"என்ன கதை இது?" என்றான் ஜவ்பர்.

"நீங்கதானே சொன்னநீங்க, கொம்பைப் பிடிச்ச பிடி மறக்கல்ல எண்டு. அந்தக் கொம்பை நீங்க எறிஞ்சிட்டுப் போன நேரம் நான் உங்களைப் பாத்துக்கொண்டுதான் நிண்டநான். எனக்கு அப்ப ரெண்டு கண்ணும் இருந்தது. மயக்கமும் இல்ல, ஒண்டும் இல்ல."

"நான் ஆள் கூட்டிவரத்தான் ஓடினநான்!"

"அப்ப அதையே சொல்லியிருக்கலாமே! ஆள் கூட்டிவர ஓடினன் எண்டு ஒருக்காச் சொல்லியிருந்தா நான் சாகும்வரைக்கும் வாய் திறந்திருக்க மாட்டன். ஓடினதுக்கு நான் கோவிக்கல்ல. கரடியைக் கண்டா ஆரும் ஓடுவாங்க. எனக்குக் கால் எழும்பியிருந்தா நானும் ஓடியிருப்பன். நீங்க ஓடின இடத்துக்கு ஒரு மனிசன் வந்தான். நீங்க போட்ட கொம்பை எடுத்துத்தான் அடிச்சான். அவன்ட கையில துவக்கா இருந்தது? சின்ன வாயா, பெரிய வாயா? சொல்லுங்க!"

உம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தார். "றுக்கியா, உள்ளுக்கு வா. நாலு பேருக்கு முன்னால நானாட மானத்தை வாங்காத."

"இத்தனை வருசமா உள்ளுக்குத்தான் உம்மா இருக்கன்" என்றாள் றுக்கியா. "இவர் என்ட முகத்தை உலகம் முழுக்கக் காட்டுவார், நான் மட்டும் உள்ளுக்கு இருக்கணுமா? என்ட மானம் எங்க போன? அதைக் கேக்க ஒருத்தரும் ஓடி வரல்லையே!"

அவள் குரல் பக்கத்து வளவு வரைக்கும் போனது. ஜமால்தீன் "சரி மகள், சரி மகள்" என்றார். அவள் நிறுத்தவில்லை. ஜெயகாந்தனின் பெயரைச் சொன்னாள். எந்த ஊர், என்ன தொழில், அவன் கால் இன்றைக்கும் குளிர் காலத்தில் எப்படி இழுக்கும் என்பதையெல்லாம் சொன்னாள். அந்தப் பெயரை நானா ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்றாள். ஒருமுறையும் அந்த ஆளின் வாசலுக்குப் போனதில்லை என்றாள். சொல்லச் சொல்ல அவளுடைய உதடு இழுபட்டு எச்சில் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

வாசலில் ஜவ்பரின் மனைவி நின்றாள். அவள் எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"உண்மையா?" என்று கேட்டாள்.

ஜவ்பர் ஸ்டூலில் கிடந்த கைத்தொலைபேசியை எடுத்தான், பின்பு வைத்தான்.

"நான் உங்களைக் கேக்கிறன். எங்கட வாப்பாவுக்கு நீங்க சொன்ன கதை அது. உண்மையா, பொய்யா?"

"பிறகு கதைப்பம்" என்றான்.

அவள் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "அந்தப் படத்தை எடுங்க. இப்ப. எனக்கு முன்னால."

ஜவ்பர் வீடியோவையே அழித்தான், படம் போயிற்று. அந்தச் சபையில் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஜெயகாந்தனிடம் இதை வேறு ஆட்கள் போய்ச் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லவேண்டும் என்று மறுநாள் பால் எடுக்கப் போனபோது றுக்கியா ஒன்றும் விடாமல் சொன்னாள். அவன் எருமைக்குக் கயிறு மாற்றிக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"விடுங்கோ தங்கச்சி. பழைய கதை. எனக்கு அதால என்ன குறைஞ்சுபோச்சு?"

"அண்ணன், அவர் உங்கட அடியைத் தன்ட அடி எண்டு சொல்லிக் கல்யாணம் கட்டி, கனடா போய், இப்ப துவக்கும் வாங்கப் போறார். உங்களுக்குக் கோவம் வரேல்லையா?"

"கோவிச்சு என்ன செய்யிறது? அந்த நேரம் நான் சொல்லியிருந்தாலும் ஆர் கேட்டிருப்பினம்? தமிழன் ஒருத்தன் முஸ்லிம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் எண்டு வேற கதை கட்டியிருப்பினம். பேசாம இருந்ததுதான் உங்களுக்கும் நல்லம் எண்டு நினைச்சனான்."

றுக்கியாவுக்கு இதுவரைக்கும் இது தெரியாது. இந்த மனிதர் பயத்தால் பேசாமல் இருந்தார், கூச்சத்தால் பேசாமல் இருந்தார் என்றுதான் நினைத்திருந்தாள். அவளுக்காகப் பேசாமல் இருந்தார் என்று கேட்டதும் இரக்கம் வரவில்லை; இன்னும் கோபம்தான் வந்தது.

"எல்லாரும் என்ட நல்லதுக்குத்தான் வாயை மூடினீங்க. உம்மாவும் என்ட நல்லதுக்கு. நீங்களும் என்ட நல்லதுக்கு. என்ன நல்லது வந்த எனக்கு? சொல்லுங்க அண்ணன்."

ஜெயகாந்தன் கயிற்றை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

"ஓம். அது பிழைதான்" என்றான். "உங்களைக் கேட்டிருக்க வேணும்."

அவ்வளவுதான். அவன் பால் அளந்து ஊற்றினான். அவள் வாங்கிக்கொண்டு போனாள். அவளிடம் பிழை என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆள், பிழை செய்யாத ஆளாகப் போய்விட்டாரே என்று வழி முழுக்க அவளுக்கு எரிச்சல்.

ஜவ்பர் புறப்படுகிற அன்றைக்கு அவளிடம் வந்தான். விமான நிலையத்துக்குப் போகிற வான் வாசலில் நின்றது. மனைவி ஏற்கெனவே ஏறி, மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன செய்யணும் எண்டு சொல்லு. வீடியோவில மன்னிப்புக் கேக்கட்டா?"

"எனக்கு வீடியோ வேணாம். ஜெயகாந்தன் அண்ணனோட கதைங்க. நீங்கதான் அடிச்சநீங்க, நான்தான் ஓடினநான் எண்டு அவர்ட காதுக்குச் சொல்லுங்க. நம்பர் தாறன்."

நம்பரைக் குறித்துக்கொண்டான். போனான். பட்டி வழியில் இல்லையென்று சொல்லவும் முடியாது. வான் பட்டிக்குத் திரும்புகிற சந்தியைத் தாண்டித்தான் போனது.

சில வாரங்களில் புதிய வீடியோ ஒன்று வந்தது. ஷாமிலா காட்டினாள். ஜவ்பர் துவக்கை வாங்கிவிட்டான். பெரிய வாய்தான். பெட்டியைத் திறந்து, எண்ணெய் துடைத்து, கைப்பிடியை இழுத்துத் தள்ளிக் காட்டினான். கரடிக் கதை இல்லை. தங்கச்சியும் இல்லை, கொம்பும் இல்லை. கண்ணீரும் இல்லை. பழைய கதை எங்கே என்று கேட்டவர்களுக்கு அவன் பதில் எழுதவில்லை. றுக்கியா முழுவதையும் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்கடுத்த நாள் பால் எடுக்கப் போனபோது, ஜெயகாந்தன் அவளைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்தான்.

"உங்கட நானா ராத்திரி போன் எடுத்தவர்."

றுக்கியா வாளியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னவர்?"

"சுகம் விசாரிச்சவர். என்ட கால் எப்பிடி எண்டு கேட்டவர். பிறகு அவர் வாங்கின துவக்கைப் பற்றிக் கதைச்சவர். தோட்டா எவ்வளவு பாரம், எவ்வளவு தூரம் போகும், தோளில எப்பிடி அடிக்கும்… சின்னதை விட்டிட்டுப் பெரிசை ஏன் எடுத்தவர் எண்டு எனக்கு விளங்கப்படுத்தினவர். அரை மணித்தியாலம் இருக்கும். எனக்கு அதில என்ன விளங்கும்? ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனான்."

"பிறகு?"

"பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்ல. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சரி ஜெயகாந்தன், பாப்பம் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார்."

"அவ்வளவுதானா?" என்றாள் றுக்கியா.

"அவர் சொல்லத்தான் எடுத்தவர் தங்கச்சி" என்றான் ஜெயகாந்தன். "சொல்ல ஏலாமப் போச்சு. எனக்கு விளங்கினது. எனக்கு அது காணும், அதுக்கு மேல வேண்டாம்."

"எனக்குக் காணாது" என்றாள் றுக்கியா. வாளியை எடுத்து நீட்டினாள். "ஊத்துங்க. வெயில் ஏற முதல் நான் மூதூருக்குப் போகணும்."